கம்பெனி சர்வருக்கு நிரந்தரச் சாவி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்துப் பராமரித்து வருகிறேன். பதினாறு வருஷமாக இதுதான் தொழில். இங்கே சனிக்கிழமை வாரச் சம்பளம். டைலர், செக்கிங், அயனிங் என்று ஒவ்வொருவருடைய பீஸ் கணக்கும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஏறியாக வேண்டும். நெட் போனாலும் சம்பளம் நிற்கக்கூடாது என்பதால் பல முதலாளிகள் சர்வரை ஆபீஸிலேயே வைத்துக்கொள்கிறார்கள். பேக்கப் மட்டும் ராத்திரியில் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினிகளுக்குப் போகும். நான் எழுத வந்தது அந்த இடத்தைப் பற்றித்தான். கிளவுடுக்குள்ளேயே ஓடும் மென்பொருளுக்கு அடையாளத்தைக் கிளவுடே கொடுத்துவிடும். மாடிப்படிக்குக் கீழே ஓடுகிற எங்கள் சர்வர், தான் யார் என்பதைக் கிளவுடிடம் எப்படிக் காட்டுவது?

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிளவுட் கணக்கில் ஒரு அக்சஸ் கீ (மென்பொருள் கணக்குக்குள் நுழையக் காட்டும், கடவுச்சொல் மாதிரியான சாவி) எடுத்து, செட்டிங்ஸ் கோப்பில் ஒட்டி வைத்தேன். அவசரத்தில், எல்லா அதிகாரமும் உள்ள கணக்கிலிருந்தே எடுத்திருந்தேன். நாலு வருஷம் அதை யாரும் தொடவில்லை, மாற்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, தீபாவளி போனஸ் வாரம். கம்பெனியில் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரிப் பையன், தான் செய்த வேலையை வேலை தேடும்போது காட்டலாம் என்று மொத்த ஃபோல்டரையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டான். செட்டிங்ஸ் கோப்பும் சேர்ந்து போய்விட்டது. இப்படி வெளியே வரும் சாவிகளைத் தேடுவதற்கென்றே இரவு பகலாக நிரல்களை ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் நான் கணக்கைத் திறந்தபோது, நாங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத நாடுகளில் எல்லாம் எங்கள் பெயரில் பெரிய பெரிய இயந்திரங்கள் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நிறுத்தி முடிக்கும்போது பில் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிளவுட் நிறுவனம் பிறகு பாதிக்கு மேல் தள்ளுபடி செய்தது. கம்பெனியில் அந்தப் பையனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அது அநியாயம். சாவியை அங்கே வைத்தது நான். அன்று முதலாளியிடம் அதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2016இல் ஊபர் தன் நிரல்களைச் சேமித்து வைத்திருந்த தனிப்பட்ட இணையக் களஞ்சியத்துக்குள் புகுந்தவர்கள் அங்கே கிடைத்த அமேசான் கிளவுட் சாவியைக் கொண்டு 5.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்தார்கள். கார்களை இணையத்தோடு இணைக்கும் டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவையில் நிரலின் ஒரு பகுதி, அணுகல் சாவியோடு, 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை பொதுவெளியில் கிடந்தது. பாதிப்புக்கு ஆளாகியிருக்கக்கூடிய வாடிக்கையாளர் மின்னஞ்சல்கள் 2,96,019. கவனிக்க வேண்டியது அந்த ஐந்து வருஷத்தை. காலாவதி இல்லாத சாவி தொலைந்தால், தொலைந்தது என்று தெரிவதற்கே அத்தனை காலம் ஆகலாம்.

சரக்கு அனுப்புகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கான தீர்வைச் சொல்வது சுலபம். தூத்துக்குடிக்கு லாரி கிளம்பும்போது இ-வே பில் போடுகிறோம். இந்த வண்டி, இந்தச் சரக்கு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கெடு. கெடு முடிந்தால் அது வெறும் காகிதம். எந்த லாரியிலும் எந்தச் சரக்கும் எப்போதும் ஏற்றலாம் என்று ஒரு பில்லை யாரும் டிரைவரிடம் கொடுத்து அனுப்புவதில்லை. ஆனால் சர்வரிடம் அப்படித்தான் கொடுத்து வைத்திருக்கிறோம்.

அமேசான் 2022 ஜூலையிலேயே 'ரோல்ஸ் எனிவேர்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. நாங்கள் இப்போது பயன்படுத்துவது அதைத்தான். கம்பெனிக்கென்று ஒரு சான்றிதழ் ஆணையம் (கணினிகளுக்கு டிஜிட்டல் அடையாளச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு) அமைத்து, அதை நம்பலாம் என்று கிளவுட் கணக்கில் ஒருமுறை பதிவு செய்கிறோம். சர்வருக்கு அந்த ஆணையம் ஒரு சான்றிதழ் தருகிறது. பேக்கப் நேரம் வந்ததும் சர்வர் அந்தச் சான்றிதழுக்கு ஜோடியாகத் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் ஒரு கோரிக்கையில் டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்பும். போவது கையெழுத்தும் சான்றிதழும்தான், சாவி வெளியே போகாது. கிளவுட் சரிபார்த்துவிட்டு, பொதுவாக ஒரு மணி நேரத்துக்குச் செல்லும் தற்காலிக அனுமதி தரும். அந்த அனுமதியும் எங்கள் பேக்கப் இடத்தில் கோப்பு வைக்க மட்டும்தான். அழிக்க முடியாது, புது இயந்திரம் கிளப்ப முடியாது.

ரகசியச் சாவியும் சர்வரில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது நிரல் ஃபோல்டரில் இல்லை. இன்றைய கணினிகளில் ரகசியச் சாவிகளைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கும் டிபிஎம் சில்லுக்குள் அதை வைத்துவிட்டால் நகலெடுத்துக்கொண்டு போகவும் முடியாது. சர்வரே திருடு போனால் அந்த ஒரு சான்றிதழை ரத்து செய்தால் போதும்.

செலவு? ரோல்ஸ் எனிவேருக்குத் தனிக் கட்டணம் இல்லை. சான்றிதழ் ஆணையத்தையும் அமேசானிடமே எடுத்தால் வழக்கமான வகைக்கு மாதம் 400 டாலர் வரும். சிறு கம்பெனிக்கு அது தேவையில்லை, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளை வைத்து நாமே அமைத்துக்கொள்ளலாம். அந்த ஆணையத்தின் சாவியைப் பூட்டி வைக்கத்தான் வேண்டும். நாங்கள் ஒரு பென் டிரைவில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டிலும் வெளி சர்வர்களுக்கு இதே நோக்கத்தில் வழிகள் உண்டு.

மாற்றிய முதல் நாள் கிளவுட் எங்கள் கோரிக்கையை மறுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் சர்வரின் மணி இருபத்தைந்து நிமிஷம் பின்தங்கி ஓடியிருக்கிறது. உள்ளே இருக்கும் நாணயம் அளவு பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு பவர் கட்டுக்கும் கடிகாரம் தவறியிருக்கிறது. பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்ய வைத்தோம். அடுத்த முயற்சியிலேயே வேலை செய்தது. புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் மணியைப் பாருங்கள்.

என் ஆதங்கம் ஒன்றுதான். நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில் இன்றைக்கும் முதல் பாடம் 'அக்சஸ் கீ எடு, கோப்பில் ஒட்டு' என்பதுதான். அப்படிப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள், அப்புறம் அவர்களையே குற்றவாளி ஆக்குகிறோம். எங்கள் சர்வரில் இருப்பது தையல் பிள்ளைகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பிஎஃப் விவரம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இது தெரிந்த பனியன் கம்பெனி முதலாளி ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

கல்லூரிகளிலும் 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களிலும் கிளவுட் சொல்லித்தருகிறவர்கள், தற்காலிக அனுமதி முறையை முதல் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொழில் பக்கத்தில் இதைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வெளியிட்டால் முதலாளிகளும் படிப்பார்கள். விவரம் வேண்டுமானால், நாங்கள் செய்த அமைப்பை எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.