வெலிங்டனில் செலவாகும் பணம் மலையில் தங்க வழி உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணுவத்துக்கு இவ்வளவு ஒதுக்க வேண்டுமா என்ற விவாதம் பட்ஜெட் சமயத்தில் ஆண்டுதோறும் எழுகிறது. அது டெல்லியில் முடிவாகிற விஷயம். நீலகிரிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராணுவ முகாம் உள்ள வெலிங்டனிலும் வெடிமருந்து ஆலை உள்ள அருவங்காட்டிலும் செலவாகிற பணத்தில் எவ்வளவு இந்த மலையில் தங்குகிறது, எவ்வளவு அன்றைக்கே மலைப்பாதையில் பர்லியாறு தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது?

முதலில் நமக்குக் கிடைத்துவரும் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே முக்கியமான சுற்றுலா சீசன் ஏப்ரல், மே மாதங்களில். மழை தொடங்கியதும் விடுதிகள் காலியாகிவிடும். 1948 முதல் வெலிங்டனில் இயங்கும், முப்படை அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜின் பயிற்சி ஆண்டோ ஜூன் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடிகிறது. நானூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகள், பலர் குடும்பத்தோடு, சீசன் இல்லாத மாதங்களில்தான் இங்கே இருக்கிறார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமான எம்.ஆர்.சி.யில் ஆண்டு முழுவதும் ஆட்கள் உண்டு. தேயிலை ஏலத்தில் விலை சரிந்தாலும், மண் சரிந்து மலை ரயில் நின்றாலும், இவர்களுடைய சம்பளமும் முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியமும் மாதம் தவறாமல் வருகின்றன. பால்காரர், தையல்காரர், டாக்ஸிக்காரர் என்று குன்னூர் கடைவீதி மழைக்காலத்தைத் தாண்டுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பணம் ஒழுகுவது கொள்முதலிலும் கட்டுமானத்திலும். கட்டுமானத்தில் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. சிமெண்டும் கம்பியும் கீழிருந்துதான் வர வேண்டும். கூலியும் தடுப்புச்சுவர் கட்டும் கொத்து வேலையும்தான் நமக்கு. காய்கறி அப்படிப்பட்டதல்ல.

ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் காய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு 200 கிலோ, ஆண்டுக்கு 73 டன். கேத்தியிலும் நஞ்சநாட்டிலும் விளைகிற கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குக்கு இது நிலையான சந்தை. ஆனாலும் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, படைப்பிரிவுகளுக்குக் காய்கறி கொடுக்கும் டெண்டரில் நுழைவது கடினம். காரணங்கள் மூன்று. காய்கறி ஒப்பந்தம் என்றால் தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் எல்லாம் சேர்த்துக் கேட்பார்கள். அவை நம் மலைக் காய்கள் இல்லை. அடுத்து விலை. ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை எழுதிக் கொடுத்துவிட்டால், கேரட் விலை மூன்று மடங்காக ஏறும் மாதத்தில் குழு உறுப்பினரே சரக்கைக் குழுவுக்குத் தராமல் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சரக்கு வராத நாளில் படைப்பிரிவு வெளியில் வாங்கிக்கொண்டு, கூடுதல் செலவை ஒப்பந்ததாரர் தலையில் வைக்கும். இரண்டு முறை அப்படி நடந்தால் குழுவின் முதலே கரைந்துவிடும். மூன்றாவது, ஒப்பந்தம் கிடைத்தபின் உத்தரவாதமாகக் கட்டும் பிணைத்தொகை. ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை ஆண்டு முழுக்க முடங்கிக் கிடக்கும். அதோடு பில் பணம் வரும்வரை கொழுத்த கைமுதலும் வேண்டும். இவ்வளவையும் தாங்கக்கூடியவர் பெரும்பாலும் மண்டி வியாபாரிதான். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கி, கழுவி, லாரியேற்றிய நம் கேரட்டை அவர் கீழே வாங்கி மறுபடி மலையேற்றிக் கொடுத்தாலும் தடுக்க விதியில்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் அந்த விலைக்குள்தான் போகும்.

தேயிலையில் சிக்கல் வேறு. படைகளுக்கான தேயிலை மத்திய அளவில் மொத்தமாக வாங்கப்படுகிறது. சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகள் சேர்ந்த இண்ட்கோசர்வ் போன்ற கூட்டமைப்புதான் அந்த அளவில் நிற்க முடியும். அதற்குத் தரம் வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேயிலையில் நீரில் கரையும் சத்து 32 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, நார் 16.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முற்றிய இலையைப் பறித்தால் சத்து குறையும், நார் ஏறும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் இரண்டும் சரியாக நிற்கும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர் தேயத் தேய இரும்புத்தூள் தூளில் கலக்கும். ரோலரை உரிய நேரத்தில் சாணை பிடித்து, சலிக்கும் இடத்தில் நல்ல காந்தம் வைத்து அதைத் தினமும் துடைக்க வேண்டும். தினமும் துடைக்காத காந்தம் இருந்தும் பயனில்லை. மாதிரி நிராகரிக்கப்பட இந்த ஒரு காரணம் போதும்.

மரப்பெட்டி, சீருடைத் தையல், சிறு உதிரிபாகம், மின்பராமரிப்பு போன்றவற்றில் இறங்க நினைக்கும் சிறு தொழில்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2021 அக்டோபரில் அருவங்காடு கார்டைட் ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின்கீழ் வந்தது. மத்திய அரசுத் துறைகளும் அதன் நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அந்த 25க்குள், மொத்தக் கொள்முதலில் 3 சதவீதம் பெண் தொழில்முனைவோருக்கு. குறு, சிறு நிறுவனம் அல்லாத ஒருவர் கொடுத்த மிகக் குறைந்த விலை 100 ரூபாய், உங்கள் விலை 115 ரூபாய்க்குள் என்றால், 100 ரூபாய்க்கு இறங்கி வந்து ஒரு பங்கு ஆர்டரைக் கேட்கலாம். டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகையிலும் விலக்கு உண்டு. பிணைத்தொகைக்கு அந்த விலக்கு இல்லை, இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவில் 'வியாபாரம்' என்று மட்டும் இருந்தால் இந்தச் சலுகைகள் கிடைக்காது. உற்பத்தி அல்லது சேவை என்று இருக்க வேண்டும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். ஏற்றுக்கொண்ட சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் வராவிட்டால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கும் உரிமை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இதற்கான அரசு இணையதளத்தில் மனுச் செய்யலாம்.

ஒரே ஆலையை நம்பி ஊரே இருப்பது ஆபத்து. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடியபின் அந்தக் குடியிருப்பு எப்படி ஆனது என்பதை எல்லோரும் பார்த்தோம். அதனால்தான் சம்பளத்தை மட்டும் நம்பாமல், பல சிறு கைகளுக்குப் போகும் கொள்முதலை நான் வலியுறுத்துகிறேன்.

மாவட்ட நிர்வாகமும் ராணுவ நிலைய அதிகாரிகளும் சேர்ந்து செய்யக்கூடியவை சில உண்டு. மலைக் காய்களுக்குச் சமவெளிக் காய்களிலிருந்து பிரித்துத் தனி ஒப்பந்தம் விட வேண்டும். விலையை ஆண்டுக்கு ஒரு முறை கட்டிவைக்காமல், மேட்டுப்பாளையம் மண்டியின் முந்தைய மாதச் சராசரியோடு இணைக்க வேண்டும். கேரட் விதைத்து எடுக்க நூறு நாளுக்கு மேலாகிறது. எனவே எந்த மாதம் எந்தக் காய் எத்தனை கிலோ தேவைப்படும் என்ற உத்தேசப் பட்டியலை நான்கு மாதம் முன்னதாக, தமிழில், தோட்டக்கலைத் துறை அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்