உடைக்கும் முன் ஒரு மணி நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

15 வருடம் தாண்டிய அரசு வாகனங்கள் உடைப்புக்குப் போவது பற்றிய செய்தியைச் சென்ற வாரம் நம் நாளிதழில் படித்தேன். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த விதி நடப்பில் இருக்கிறது. அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை வைத்துக்கொண்டு தீயணைக்கப் போக முடியாது. ஆனால் அந்த வண்டிகள் உடைபடும் முன்னால், இஞ்ச் டேப்போடும் நோட்டோடும் அவற்றின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க எங்களைப் போன்றவர்களை விடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் தீயணைப்பு நிலையத்தில் டிரைவர் மெக்கானிக்காக 31 வருடம் இருந்து 2017-இல் ஓய்வு பெற்றவன். அதில் 12 வருடம் ஒரே வண்டியை ஓட்டினேன். டாடா 1210 எஸ்.இ. லாரியின் சேஸிஸ் (அடிச்சட்டம்), 4,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் பம்ப். காலம் முடிந்ததும் விதிப்படி ஏலத்தில் போனது. ஓய்வுக்குப் பிறகு அந்த வண்டியை 24-இல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்ய ஆரம்பித்தேன். கடையில் வாங்கிய பாகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கையால் வெட்டி ஒட்டியது.

24-இல் ஒரு பங்கு என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் மேஸ்திரிகள் இன்றும் அடி, அங்குலம் என்றுதான் பேசுகிறார்கள். "பாடி ஏழரை அடி அகலம்" என்று ஒருவர் சொன்னால், மூன்றே முக்கால் அங்குலம் என்று நான் அங்கேயே குறித்துக்கொள்வேன். சேஸிஸும் கேபினும் சன்போர்டு (கத்தியால் வெட்டக்கூடிய பிளாஸ்டிக் நுரை அட்டை). தகடு வேலைக்கு அச்சகத்தில் தூக்கிப்போடும் ஆஃப்செட் பிளேட். டயருக்கு ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டி, மூன்று அடுக்கு ஒட்டி, டிரில் மெஷினில் சுழலவிட்டு உப்புத்தாளால் தேய்ப்பேன். 9.00-20 டயர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். 24-இல் வகுத்தால் 42 மி.மீ. சொச்சம். டயரின் பட்டன்களை, அதாவது தரையைப் பிடிக்கும் மேல் வரிகளை, முக்கோண அரத்தால் கீறுகிறேன்.

இப்படி ஒரு வண்டியைச் செய்யும்போதுதான் அது எப்படி வேலை செய்தது என்பதே புரிகிறது. 12 வருடம் ஓட்டியும் எனக்குத் தோன்றாத ஒன்றைச் சொல்கிறேன். காலி லாரியின் பின் ஸ்பிரிங் பட்டைகள் வில் போல வளைந்து நிற்கும், பாடியின் பின்பக்கம் தூக்கலாக இருக்கும். தீயணைப்பு வண்டியோ நிலையத்தில் நிற்கும்போதே நாலரை டன் தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதன் பட்டைகள் எப்போதும் அமுங்கித்தான் இருக்கும். நான் முதலில் செய்தது லாரியைப் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்க என்னவோ தப்பாகத் தெரிந்தது, எது என்று பிடிபட இரண்டு நாள் ஆனது. பட்டைகளைப் பிரித்துத் தட்டையாக்கி மறுபடி கட்டிய பிறகுதான் என் வண்டி வந்து நின்றது. (அந்த நாலரை டன் தண்ணீர் மாடலில் 325 மில்லி. ஒரு சொம்புகூட நிறையாது.)

ஹோஸும் அப்படித்தான். 63 மி.மீ. ஹோஸ் என்றதும் 24-இல் வகுத்து 2.6 மி.மீ. கயிறு தேடினேன். தண்ணீர் இல்லாத ஹோஸ் உருண்டையாக இருக்காது, தட்டையாகப் படுத்துவிடும். அப்போது அகலம் கிட்டத்தட்ட 100 மி.மீ. ஆக, வேண்டியது 4 மி.மீ. பருத்தி நாடா. 15 மீட்டர் ஹோஸுக்கு 62.5 சென்டிமீட்டர் வெட்டி, நிலையத்தில் சுருட்டியதுபோலவே சுருட்டி வைத்தேன். குளம், கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் 100 மி.மீ. சக்ஷன் ஹோஸுக்குப் பேனா ரீஃபில் மேல் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினேன்.

இதெல்லாம் நடந்தது. மாட்டிக்கொண்டது பாடியில்தான்.

கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸும் முன்முகமும் மட்டும். அந்த அளவுகளை இன்றும் பிடித்துவிடலாம். அதே காலத்து லாரி எங்காவது ஒரு பட்டறை ஓரத்தில் நிற்கும். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் வேறொரு பட்டறையில் கட்டியது. எனக்குத் தெரிந்த பட்டறைகளில் வரைபடம் என்று தனியாகக் கிடையாது. மேஸ்திரி சாக்பீஸால் தரையில் கோடு போடுவார், மீதி அவர் தலைக்குள் இருக்கும். அதனால் ஒரே சேஸிஸில் கட்டிய இரண்டு தீயணைப்பு வண்டிகள் ஒன்றுபோல இருக்காது. லாக்கர் கதவு, ஏணி தாங்கி, பின்படி எல்லாம் நாலு அங்குலம் முன்னே பின்னே இருக்கும். வண்டி உடைபட்டால் அந்த அளவும் அதோடு போய்விடுகிறது.

அந்த வண்டியைத் தினமும் கழுவினேன், கிரீஸ் அடித்தேன். மழையில் அதன் அடியில் படுத்து ஜாயின்ட் கழற்றியிருக்கிறேன். ஒரு நாளாவது டேப் வைத்து அளந்ததில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம். கையில் இருப்பவை மூன்று போட்டோக்கள், மூன்றும் ஆயுதபூஜை அன்று எடுத்தவை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே தோரணம், முன்னால் நாங்கள் ஒன்பது பேர். எனக்கு வேண்டிய இடது பக்க லாக்கர்கள் சரியாக அந்த வாழை இலைக்குப் பின்னால்.

போட்டோவிலிருந்து அளவெடுக்க ஒரு வழி இருக்கிறது. டயரின் உயரம் தெரியும். படத்தில் டயர் 17 மி.மீ. இருந்தால், படத்தின் 1 மி.மீ. நிஜத்தில் 60 மி.மீ. ஆனால் வண்டி பக்கவாட்டில் நேராக நின்றிருக்க வேண்டும், அளக்கும் பொருளும் டயர் இருக்கும் அதே தளத்தில் இருக்க வேண்டும். படத்தில் அரை மி.மீ. பிசகினால் வண்டியில் 30 மி.மீ. பிசகும். மாடலில் அது ஒன்றே கால் மி.மீ., கதவு சட்டத்தில் உட்காராது. ஏணி வைக்கும் சட்டத்தை இப்படிச் செய்து மூன்று முறை பிய்த்துப் போட்டேன்.

கோவையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. போய்ப் பார்த்து மனம் நிறைந்து வந்தேன். லாரிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நம் பக்கம் அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. முழு வண்டியை நிறுத்த இடமும் பணமும் வேண்டும், அதைக் கேட்கவில்லை. அளவு எழுதிய நாலு தாள் ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும்.

பக்கத்தில் இருக்கும் பாலிடெக்னிக் அல்லது ஐ.டி.ஐ. மாணவர்களை இதற்குக் கூப்பிடலாம். நான்கு பக்கமும் நேராக நின்று ஒரு போட்டோ, கூரைக்கு ஒன்று. போட்டோவில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு லாக்கரின் நீளம், உயரம், ஆழம். பம்ப் பேனலில் எந்த வால்வு எங்கே, எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பது. அடியில் தொட்டியைச் சேஸிஸோடு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது. ஒரு நாள் வேலைகூட இல்லை. தாளின் ஒரு பிரதி நிலையத்தில் இருக்கட்டும், இன்னொன்று மாவட்ட நூலகத்தில் இருக்கட்டும்.

இதற்கு நல்ல நாளும் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் நிலையத்துக்கு வந்து வண்டியில் ஏறிப் பார்ப்பார்கள். அந்த வாரத்திலேயே, அடுத்து உடைப்புக்குப் போகும் வண்டியை அளந்துவிடலாம்.

என் மாடலின் வலது பக்கம் முடிந்து சிவப்பும் அடித்துவிட்டேன். நிஜ வண்டியின் சிவப்பை அப்படியே அடித்தால் சின்ன வண்டியில் கறுத்துத் தெரிகிறது, கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டியிருந்தது. இடது பக்கம் இன்னும் வெறும் சன்போர்டாக நிற்கிறது. 1988-ஐ ஒட்டிய 1210 எஸ்.இ. தீயணைப்பு வண்டி, பாதி உடைந்ததாக இருந்தாலும், எங்காவது நிற்பது வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால் நம் நாளிதழ் வழியாகத் தெரிவியுங்கள். எந்த மாவட்டமாக இருந்தாலும் டேப்போடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிரைவர் மெக்கானிக்,
ராசிபுரம்.