மொபைல் டிவி சோதனையை மலையில் நடத்துங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டேட்டாவே செலவாகாமல் போனில் நேரடியாக டிவி வரும் என்கிற டி2எம் (டைரக்ட்-டு-மொபைல்) திட்டம் பற்றித்தான் எழுதுகிறேன். டிவி இல்லாத எட்டு, ஒன்பது கோடி வீடுகளுக்கு இது போய்ச் சேரும் என்று 2024 ஜனவரியில் அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் அபூர்வ சந்திரா சொன்னார். சரி, சோதனை எங்கே? 19 நகரங்களில் என்றார்! 2016-லும் இப்படித்தான், சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது, போனில் டாங்கிள் என்கிற சின்ன ரிசீவரைச் செருகிப் பார்க்கலாம் என்றார்கள், பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

உண்மையான சிக்கல் நகரத்துக்கு வெளியேதான். முன்பு மதுரைப் பக்கமெல்லாம் மாடியில் ஆன்டெனாவைக் கொடைக்கானல் டிவி டவர் திசைக்குத் திருப்பி வைத்துப் படம் பார்த்தார்கள், ஒரே டவர் அவ்வளவு தூரம் எட்டியது என்றால் அந்த ஆன்டெனா உயரத்தில் இருந்ததும் பெரிதாக இருந்ததும்தான் காரணம். போனோ சட்டைப் பையில், ஓட்டு வீட்டுக்குள் கிடக்கும், அலையின் நீளம் அரை மீட்டருக்கு மேல், அதைப் பிடிக்க வேண்டிய ஆன்டெனா சில சென்டிமீட்டர். அதே டவர் போனுக்குப் பாதி தூரம் எட்டினாலே பெரிய விஷயம். நடுவில் ஒரு மலை முகடு வந்தால் அதுவும் போச்சு. அப்புறம் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சின்ன டவர் வேண்டும், அதற்குக் கரண்ட், பேட்டரி, பழுது பார்க்க ஆள். நூறு வீட்டுக்காக எந்த கம்பெனி இதைச் செய்யும்? போனில் தனி சிப் வேறு வேண்டும், விலை கூடும் என்று போன் கம்பெனிகள் முன்பே முணுமுணுத்துவிட்டன.

ஜப்பானில் 2006-ல் வீட்டு டிவி அலைவரிசையை 13 துண்டாக்கி ஒன்றைப் போனுக்கு ஒதுக்கினார்கள், டவர் செலவு பொதுவாகிவிட்டது. அமெரிக்காவில் இதற்கென்றே தனி டவர்கள் போட்டு மாதக் கட்டணம் கேட்ட மீடியாஃப்ளோ 2011-ல் மூடப்பட்டது. நம்மிடம் தூர்தர்ஷன் டவர்கள் இருக்கின்றன, பழைய அனலாக் ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்தியும் ஆயிற்று, ஜப்பான் மாதிரி அந்த டவர்களையே போனுக்கும் பயன்படுத்திப் பார்க்கலாமே. ராமேஸ்வரத்தில் மட்டும் 323 மீட்டர் உயரத்துக்கு ஒன்று நிற்கிறது.

அங்கேயும் கொடைக்கானலிலும் அடுத்த சோதனையை வையுங்கள், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், விலை குறைந்த போன்களை வைத்து. 2018 கஜா புயலில் கரண்டும் செல்போன் டவரும் படுத்துவிட்டபோது டெல்டாவிலும் மலையிலும் செய்தி தெரிய வழியில்லாமல் இருந்தவர்களுக்கு இது வேலை செய்யுமா என்பது அப்போதுதான் தெரியும்.

இப்படிக்கு,
கொடைக்கானல் கீழ்மலை வாசகர் ஒருவர்