அக்காவுக்கு, லெஸ்டரில இருந்து

லெஸ்டர்
15.02.2026

அன்பின் அக்காவுக்கு,

உங்கட கடிதம் போன கிழமை கிடைச்சுது. அம்மாட கண் ஒப்பரேஷனுக்குத் திகதி குடுத்திட்டாங்க எண்டதைப் படிச்ச பிறகுதான் எனக்கு மூச்சு வந்திச்சு. நாலு மாதமா எழுதாம இருந்தது என்ட பிழை. போன்லயும் வேலை, வேலை எண்டு சொல்லி வைச்சிட்டன். "உனக்கு ஏதும் வருத்தமா தம்பி?" எண்டு கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க. அதைப் பாத்த பிறகு எழுதாம இருக்க மனம் கேக்கல்ல.

வருத்தம் ஒண்டும் இல்ல. சுகமா இருக்கன். காலமை வேலை முடிஞ்சு வரக்குள்ள புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையாக் கிடக்கும். ரெண்டு சோடி காலுறை போட்டும் விரல் விறைக்கும். சாப்பாட்டுக்குக் குறையில்ல. தமிழ்க் கடையில சிவப்பரிசி, நெத்தலி, தேங்காய்ப்பால் மா எல்லாம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை பாலாணக் கறி வைச்சா மூணு நாளைக்குப் போகும். தயிருக்குத்தான் வழியில்ல. இங்கத்தத் தயிரில சட்டி மணம் வராது.

பக்கத்து வீட்டில ஒரு கிழவர் இருக்காரு, வெள்ளைக்காரர், எண்பது வயசு தாண்டும். பஸ் ஓட்டினவராம். மழையோ பனியோ, காலமை ஆறு மணிக்கு வெளிய வந்து காஸ் மீற்றரையும் கரண்ட் மீற்றரையும் டோர்ச் அடிச்சுப் பாத்து கொப்பியில எழுதுவாரு. நான் ராவு வேலையால வாற நேரமும் அதுதான். சில கிழமையில வேலையிடத்துக்கு வெளிய நான் வாய் திறந்து கதைக்கிற ஒரே ஆள் அவர். அது கிடக்கட்டும்.

இனி எழுதுறதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட வேணாம். உங்களுக்கும் அத்தானுக்கும் மட்டும்.

எனக்கு இங்க 6,600 பவுண் கடன் இருக்கு, ரெண்டு கிரெடிட் கார்ட்டிலயும் ஒரு லோனிலயும். சின்னவள்ட வீட்டு அத்திவாரத்துக்கும் கிணத்துக்கும் அனுப்பினதில பாதிக்கு மேல அந்தக் காசுதான். பயப்பட வேணாம். கடன் கட்டக் கஷ்டப்படுறவங்களுக்குக் காசு வாங்காம வழி சொல்ற தொண்டு நிறுவனங்கள் இங்க இருக்கு. வரவையும் செலவையும் எழுதி, வாடகை, கவுன்சில் வரி, காஸ், கரண்ட், மறுகா சாப்பாடு, பஸ் காசு எல்லாம் கழிச்சு, மிச்சத்தைக் கடன்காரருக்கு அவங்கவங்க கடனுக்கு ஏத்த மாதிரிப் பிரிச்சுக் கட்டுறது.

போன வருசம் தை மாதம் நானும் அதைச் செய்தன். செய்த விதம்தான் பிழை. "மாதம் எவ்வளவு வரும்?" எண்டு கேட்டாங்க. என்ட கையில இருந்தது மார்கழிச் சம்பளத் துண்டு. நத்தாருக்கு முந்தி கிடங்கில வேலை தலைக்கு மேல, கிழமைக்கு 55 மணித்தியாலம், கைக்கு வந்தது 550 பவுண். நாலால பெருக்கி 2,200 எண்டு சொல்லிட்டன். குறைச்சுச் சொல்ல வெக்கமா இருந்திச்சு அக்கா. மாதம் 340 கட்டுறதா ஒத்துக்கொண்டன். மாசியில வேலை 24 மணித்தியாலமாக் குறைஞ்சுது. ஒப்பந்தத்தில எனக்கு உறுதியான நேரம் அவ்வளவுதான். மூணு தவணை தவறிச்சு. இந்த ஒழுங்கு சட்டத்தால கட்டின ஒண்டில்ல. நிப்பாட்டி வைச்ச வட்டியைக் கடன்காரர் திரும்பப் போடலாம், ஒருத்தர் போட்டும் விட்டாரு. அதை உங்களுக்கு எழுதத்தான் எனக்குக் கை வரல்ல.

புரட்டாசியில ஒரு நாள் கிழவர் என்ட முகத்தைப் பாத்திட்டு, சம்பளத் துண்டெல்லாத்தையும் கொண்டுவரச் சொன்னாரு. அவருக்கும் ஓவர்டைம் கூடிக் குறைஞ்சதுதானாம். குசினி மேசையில ஒரு வருசத் துண்டு 52ஐயும் அடுக்கிக் கூட்டினம். 20,280 பவுண். கிழமைக்கு 390தான். அதையும் நாலால பெருக்கக் கூடாது எண்டாரு, நாலு கிழமைக்கு மேல உள்ள நாளும் மாதத்தில இருக்கு. 52ஆல பெருக்கி 12ஆல பிரிச்சா 1,690. அதுதான் உள்ள கணக்கு. அந்த நிறுவனத்துக்குத் திரும்பப் போன் எடுத்து எல்லாத்தையும் சொன்னன், வீட்டுக்கு அனுப்புறதையும் மறைக்கல்ல. போன்ல கதைச்ச பிள்ளை ஏசல்ல. கூட வாற கிழமையில மிச்சத்தை எடுத்து வைச்சு, குறையிற கிழமையில கட்டச் சொன்னா, நேரம் மாறினா உடன அறிவிக்கச் சொன்னா. இப்ப மாதம் 110. வட்டி ஏறாட்டி 60 மாதத்தில முடியும்.

அண்டைக்கு முழுக்க அப்பாட நினைவு. 78 கார்த்திகை 23 சூறாவளியில, ஒரே ராவில தென்னையெல்லாம் சாஞ்சதைப் பாத்த மனிசன். வெள்ளாமை நல்லா விளைஞ்ச வருசத்தை வைச்சு ஒரு நாளும் கடன் வாங்கல்ல. ஏக்கருக்கு முப்பது மூடை வந்தாலும் பதினெட்டு எண்டுதான் கணக்குப் போடுவாரு. இப்ப அங்க அறுவடை, என்ன? போன கிழமை கிடங்கில ஒரு பெட்டி உடைஞ்சு வைக்கோல் கொட்டுண்டுச்சு. அந்த மணத்தில குருமண்வெளி ஓடம், அக்கரை, மண்டூர் வயல் எல்லாம் வந்திட்டு. சோட்டையா இருக்கு அக்கா. வேலையை விட்டிட்டு அப்படியே நிண்டிட்டன்.

இனி வீட்டு விசயம். நான் 60,000 ரூபா அனுப்பின மாதங்களை வைச்சு அத்தான் ரெண்டு லெச்சச் சீட்டில சேரப் போறாரு எண்டு எழுதியிருந்தீங்க. சேர வேணாம் எண்டு சொல்லுங்க. இனி மாதம் 20,000 வரும், கூடினாலும் குறைஞ்சாலும் அதுதான். சின்னவள்ட வீடு லிண்டல் மட்டத்திலயே நிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாரிட்ட ஆவணிக்கு முந்திக் கூரை வராது எண்டு நேர சொல்லுங்க. அவங்க முகம் சுழிச்சாலும் காரியமில்ல, பிறகு தலை குனிய ஏலாது. சின்னவள் அழுதா என்னோட கதைக்கச் சொல்லுங்க. வயலை இந்த முறையும் அதே ஆளுக்கே குத்தகைக்குக் குடுங்க, நெல்லாத் தராம காசாத் தரச் சொல்லுங்க. அந்தக் காசில அம்மாட செலவைப் பாருங்க. ஒப்பரேஷனுக்குப் பிறகு அவவை அடுப்படிக்கு விட வேணாம், சொன்னாக் கேக்கமாட்டா.

ஒப்பரேஷன் அண்டைக்கு எத்தனை மணிக்கு உள்ளுக்கு எடுப்பாங்க எண்டு விசாரிச்சு எழுதுங்க. அந்த ராவு வேலையை மாத்திக் கேட்டிருக்கன், போன் கையிலயே இருக்கும்.

அன்புத் தம்பி