கேமரா வாங்கிய கூட்டாளிக்கு

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ரிட்டயர்ட் ஆன கையோடு கேமரா வாங்கியிருக்கிறாய் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் ஸ்டூடியோவின் டார்க் ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவனல்லவா நீ! இங்கே எல்லாரும் சுகம். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிவிட்டு வருவேன். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த முறை மழை பரவாயில்லை. மட்டி வாழைக்குலை நன்றாகத் தள்ளியிருக்கிறது, நீ வருவதற்குள் பழுத்துவிடும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எடுக்கிற படத்தைக் கேமரா ரா (RAW) கோப்பாகச் சேமிக்கட்டுமா, ஜேபெக் (JPEG) கோப்பாகச் சேமிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். மருமகன் ராவில்தான் எடுக்க வேண்டும் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஜேபெக்கே போதும் என்கிறார், நீ நடுவில் முழிக்கிறாய். அவர்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாயா? உட்காருவாய் என்றால் ரா. மாட்டாய் என்றால் ஜேபெக், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நீ எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்குகிற தகடுதான் சென்சார். அதில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தின் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. கோடாக் கம்பெனியில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான். அளந்ததை அப்படியே எழுதி வைத்தால் அது ரா. அதை இன்னும் படம் என்றே சொல்ல முடியாது, வெறும் கணக்கு. ஜேபெக் வேண்டும் என்று சொன்னால், விடுபட்ட நிறங்களைக் கேமராவே கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிக்கட்டுவது), கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து, படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டுத் தருகிறது. எறிந்தது எறிந்ததுதான், திரும்ப வராது.

ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். மூன்று நிறமும் சேர்ந்தால் ஏறக்குறைய 1.67 கோடி நிறங்கள் வரும். பார்ப்பதற்கு இது தாராளம். 14 பிட் ராவில், அதாவது ஒவ்வொரு அளவையும் 14 இரும இலக்கங்களில் எழுதி வைக்கிற ராவில், ஒரு நிறத்துக்கே 16,384 படிகள். வித்தியாசம் படத்தைத் திருத்த உட்காரும்போதுதான் தெரியும். சங்குத்துறைக் கடற்கரையில் அந்தி வானத்தை ஜேபெக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் இருட்டைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சமாக்கிப் பார், வானம் பட்டை பட்டையாகப் பிரியும். ராவில் அவ்வளவு சீக்கிரம் பிரியாது.

பழைய ஃபிலிம் ஆட்கள் ராவை நெகட்டிவ் என்பார்கள். பாதிதான் சரி. கலர் நெகட்டிவ் தப்பைப் பொறுத்துக்கொள்ளும், திரையில் போட்டுக் காட்டுகிற ஸ்லைடு ஃபிலிம் கொஞ்சம்கூடப் பொறுக்காது. அந்த வகையில் ஜேபெக் ஸ்லைடு மாதிரி, ரா நெகட்டிவ் மாதிரி. ஆனால் நெகட்டிவில் சந்தேகம் வந்தால் நாங்கள் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்போம், டிஜிட்டலில் அந்தப் பழக்கம் ஆகாது. சென்சார் நிரம்பி வழிந்துவிட்டால் அந்த இடம் வெறும் வெள்ளை, ராவாக இருந்தாலும் மீட்க முடியாது. நிழலில்தான் ரா உதவும், அதற்கும் ஓர் எல்லை உண்டு, ரொம்பத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அதனால் கன்னியாகுமரியில் சூரியோதயம் எடுக்கும்போது வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வை. வள்ளுவர் சிலையும் பாறையும் இருட்டாக விழுந்தால் விழட்டும், பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, ராவில் எடுத்தாலும் கேமராவின் பின்திரை காட்டுவது ஒரு ஜேபெக்கைத்தான், படத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு என்று காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடமும் அதைப் பார்த்துத்தான். வெள்ளை போய்விட்டது என்று அது கத்தும்போது ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நம் ஊரில் ரா வேண்டிய இடம் எது என்று கேட்டால் நான் முதலில் தோவாளையைச் சொல்வேன். விடியற்காலையில் பூச்சந்தைக்குள் நுழைந்து பார். மேலே நீலத் தார்ப்பாய், ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, இன்னொரு பக்கம் எல்ஈடி, வெளியே விடிகிற வானம். கீழே குவியல் குவியலாகப் பிச்சிப்பூ. அந்த வெள்ளை எந்த வெள்ளை என்று கேமராவால் எப்படிச் சொல்ல முடியும்? அது ஓர் ஊகம் செய்யும், பூ நீலம் பாரித்துப் போகும். ஜேபெக்கில் அந்த ஊகம் படத்தோடு கலந்துவிடுகிறது, கொஞ்சம் திருத்தலாம், முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. ராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது ஓரமாக எழுதி வைத்த குறிப்பு மட்டும்தான், வீட்டில் வந்து மாற்றினால் ஒரு சேதாரமும் இல்லை. பிச்சி பிச்சியாகவே இருக்கும். கோழிக்கொண்டையும் சிவப்பு ரோஜாவும் இன்னொரு தொல்லை. ஜேபெக்கில் சிவப்பு மட்டும் உச்சத்தில் போய் முட்டி, இதழின் மடிப்பெல்லாம் அழிந்து, ஒரே சிவப்பு அப்பலாகத் தெரியும். அதே படத்தின் ராவில் பெரும்பாலும் மடிப்புகள் பத்திரமாக இருக்கும்.

பத்மநாபபுரம் அரண்மனையும் அப்படித்தான். உள்ளே இருட்டு, கறுப்புத் தரையில் சன்னலின் வெளிச்சம் மட்டும் பளிச்சென்று கிடக்கும். அங்கே ஜேபெக் எடுத்தால் சன்னல் வேண்டுமா, தூண் வேண்டுமா என்று அந்த இடத்திலேயே நீ முடிவு செய்தாக வேண்டும்.

ஆனால் பேரனின் பிறந்தநாளுக்கு ரா எடுத்தாயானால் உன்னைவிட அசடு கிடையாது. கேக் வெட்டி முடிப்பதற்குள் உன் மகள் படத்தைக் கேட்பாள். கல்யாண வீட்டில் வந்தவர்களை வரிசையாக நிறுத்தி எடுக்கும்போது இன்றைக்கும் என் மகன் ஜேபெக்தான். வெளிச்சம் அவன் வைத்த விளக்குகளுடையது, அதை முதலிலேயே சரி செய்துவிடுகிறான். தேரூர் குளத்தில் பறவை எழும்பும்போது பட்டனை அமுக்கிப் பிடித்தாலும் இதே கதை. ராவென்றால் பல கேமராக்களில் படத்தைத் தற்காலிகமாக வைக்கிற பஃபர் நினைவகம் சீக்கிரம் நிரம்பி, நல்ல நேரத்தில் கேமரா மூச்சு வாங்கும். ஜேபெக் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015இல் வெளியிலிருந்து படம் அனுப்புகிறவர்களிடம், கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. வேகம் ஒரு காரணம், உட்கார்ந்து மெருகேற்றிய படம் வேண்டாம் என்பது இன்னொரு காரணம். ஜேபெக்கை இளக்காரமாகப் பேசுகிற மருமகனிடம் இதைச் சொல்லிப் பார்.

இடத்தையும் யோசித்துக்கொள். உன்னுடையது 24 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாய். சுருக்காத 14 பிட் ரா ஒவ்வொன்றும் குறைந்தது 42 எம்பி வரும், நல்ல தரமான ஜேபெக் 10 எம்பி சுமாருக்குள் அடங்கும். மெனுவில் லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு என்று இருந்தால் அதை வைத்துக்கொள், தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். முதல் சில மாதம் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்தே எடு. அந்தக் காலம் முடிந்ததும் ராக்களில் எத்தனையைத் திறந்தாய் என்று பார். ஒன்றையும் திறக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் நிறுத்திவிடு. திறப்பதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், டார்க்டேபிள், ராதெரபி என்ற மென்பொருள்கள் இலவசம். பிரிண்ட் போடக் கொடுக்கும்போது எப்படியும் ஜேபெக்காக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம், தரத்தைப் பார்த்துச் சொல் என்று நீ அனுப்பிய படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாய். அது போகிற வழியில் இன்னொரு தடவை சுருக்கிவிட்டது, இதில் நான் எந்தத் தரத்தைப் பார்க்க? டாக்குமென்ட் என்று போட்டு அனுப்பு.

சித்ரா பௌர்ணமிக்கு வருகிறாய் அல்லவா? கன்னியாகுமரியில் சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம், கூட்டம்தான் தாங்காது. டிரைபாடு வாங்க வேண்டாம், கடையில் என்னுடைய பழசு இருக்கிறது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டி எழுது, ஸ்டேஷனுக்கு மகனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி