ஸ்பிரிங் வேலைக்குப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

இங்கே ஹட்டனில் பின்னேரமானால் மழைதான். அம்மாவின் கால்வலி இப்போது பரவாயில்லை.

கராஜில் உன்னை சஸ்பென்ஷன் வேலைக்கு, அதுதான் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் வேலைக்கு, மாற்றிவிட்டதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. போனில் சொன்னால் ‘சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

சுருள் ஸ்பிரிங்கை அமுக்க நீ செய்த வேலை முழுக்க அதற்குள்ளேயே இருக்கும். சூடும் இல்லை, சத்தமும் இல்லை. கரண்டுக்குப் பயப்படும் பையன்கள்கூட இதற்குப் பயப்படுவதில்லை. எவ்வளவு அமுக்குகிறோமோ அந்த அளவுக்கு எதிர்த்துத் தள்ளும் என்று 1678இல் ராபர்ட் ஹூக் எழுதியதை நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். ஆனால் உள்ளே சேரும் சக்தி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஒரு மில்லிமீற்றர் அமுக்க 25 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கை 10 சென்ரிமீற்றர் அமுக்கினால் 125 ஜூல். 20 சென்ரிமீற்றர் என்றால் 250 இல்லை மகன், 500. 50 கிலோ அரிசி மூட்டை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது.

அதனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்பை மாட்டுமுன் அதன் திருகு மரையைத் துடைத்துப் பார். தேய்ந்திருந்தால் வேலையைத் தொடாதே, முதலாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இரண்டு கிளாம்பையும் எதிரெதிரே போட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கு. ஒரு பக்கமே இறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழமாக வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். ஸ்பிரிங் தட்டில் தளர்ந்து கையால் ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் மேல் நட்டில் சாவி வைக்க வேண்டும். முகமும் நெஞ்சும் அதன் நேர்க்கோட்டில் இருக்கவே கூடாது.

நம் மலைப் பாதையில் இதே சக்திதான் உயிரையும் காக்கிறது. எயார் பிரேக் பஸ்ஸின் பின்பக்க பிரேக் சேம்பருக்குள் (பிரேக்கை இயக்கும் டப்பா) ஒரு தடித்த ஸ்பிரிங்கைக் காற்றுதான் அமுக்கிப் பிடித்திருக்கிறது. காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். நுவரெலியா இறக்கத்தில் வருகிற சனத்துக்கு அது எவ்வளவு பெரிய துணை! ஆனால் அந்த சேம்பரின் வளையத்தை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதே. நீள போல்ட் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டிவிட்டு, முழுசாக எடுத்துப் புதுசு மாட்டு.

அங்கே எந்த மாதிரி கிளாம்ப் வைத்திருக்கிறார்கள்? படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா