4 மார்க் போட்ட அந்த பேப்பர் பத்தி, தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேத்து ராத்திரி நீ போன்ல பேசினதுல இருந்து மனசு அங்கயேதான் கிடக்கு, போன்ல எனக்கு சரியா சொல்ல வரல, அதான் உக்காந்து எழுதறேன். நம்ம மாதிரி மொரீஷியஸ்ல தமிழ் சொல்லிக்கொடுக்கற மத்தவங்களும் படிக்கட்டும்னு, உன்கிட்ட கேட்டுட்டுதான் எல்லாருக்கும் தெரியற மாதிரி இங்க போடறேன்.

நீ ரெண்டு கட்டுரைய போட்டோ எடுத்து அனுப்பியிருந்த. ரெண்டும் கிரேட் 5, ரெண்டும் தைப்பூசக் காவடி. பையனோடது "தைப்பூசம் தமிழர்களின் தலைசிறந்த விழாக்களுள் ஒன்றாகும்"னு ஆரம்பிச்சு ஒரு பக்கம் முழுக்க ஒரு பிழை இல்லாம போகுது, 10க்கு 9 போட்ருக்க. பொண்ணோடது ஏழே வரி. "மாமா முதுகில் ஊசி குத்தினார்கல். நான் கன் மூடினேன். மாமா அலவில்லை. நான் அலுதது." இப்படி போகுது, 11 இடத்துல செவப்பு வட்டம், 4 மார்க்.

அந்த முதல் கட்டுரை எனக்கே மனப்பாடம் மா. வருஷா வருஷம் வேற வேற கையெழுத்துல அதையேதான் படிக்கறேன். லேசோன்ல, அதான் டியூஷன்ல, யாராவது எழுதிக்கொடுப்பாங்க, பிள்ளைங்க உருப்போட்டு வந்து இறக்கி வெச்சுட்டு போவாங்க. பையன் மேல தப்பு சொல்லல, ஆரம்பப்பள்ளி முடிவுல எழுதற சிபிஈ பரீட்சை காலத்துல இருந்து வர்ற பழக்கம் இது, 2017ல சிபிஈ போய் அதுக்கு பதிலா பிஎஸ்ஏசி வந்தும் வீட்டுல இருக்கற பரீட்சை பயம் அப்படியேதான் இருக்கு. நீ அவன கூப்பிட்டு "தலைசிறந்த"னா என்னனு கேட்டுப்பாரு. அவனுக்கு தெரிஞ்சிருந்தா நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

இப்ப அந்த பொண்ணு பேப்பர எடு. நீ போட்ட 11 வட்டத்தையும் நான் ஒவ்வொண்ணா பார்த்தேன், வட்டம்தான் 11, பிழை ரெண்டே ரெண்டு. ஒண்ணு சத்தம். வீட்ல அவ பேசறது கிரியோல், பிரெஞ்சுல இருந்து பிறந்த நம்ம ஊர் பேச்சு, அதுல ஒரு ல-தான், ஒரு ன-தான். ல, ள, ழ மூணும் அவ காதுக்கு ஒரே சத்தம், ண, ன ரெண்டும் அப்படித்தான், அதனால கண்ணும் கன் ஆகும், அழுகையும் அலுகை ஆகும், இப்படியே அந்த ஒரே பிழைய நீ ஒம்பது தடவ எண்ணியிருக்க. இன்னொண்ணு வினைச்சொல் முடியற விதம். கிரியோல்ல "மோ தி ப்ளோரே"னாலும் "லி தி ப்ளோரே"னாலும் வினை அப்படியே நிக்கும், நான் அழுதாலும் அவன் அழுதாலும் அவ அழுதாலும் ஒரே சொல்லுதான், அவன் அவள் அது எல்லாத்துக்கும் சேர்த்து "லி" ஒண்ணுதான். நம்ம தமிழ்லயோ ஆள் மாறினா வினையோட வாலும் மாறணும். அந்த பிள்ள "மூடினேன்"னு சரியா எழுதியிருக்கா பாரு. ரெண்டு வரி தள்ளி "அலுதது"னு வருது, ஏன்னா அழுதேன்ங்கற சொல்ல அவ எங்கயுமே கேட்டிருக்க மாட்டா, யார் வீட்ல தமிழ் பேசறாங்க, அவ கண்ணுல படற தமிழ் எழுத்தே கோவில் போர்டும், ரூபா நோட்டும், உன் கரும்பலகையும்தானே. அதாவது விதி பாதி ஏறிடுச்சு, மீதி ஏறிட்டிருக்கு. உருப்போட்ட கட்டுரைல இத பார்க்கவே முடியாது, அந்த பையனுக்கு எது தெரியும் எது தெரியாதுன்னு ஒரு பக்கம் படிச்சும் நமக்கு ஒண்ணும் தெரியல.

என் கதை ஒண்ணு சொல்றேன், இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வருஷம், கடற்கரை பக்கம் ஒரு ஸ்கூல், ஒரு பையன் "அப்பா வலை கிழிந்தான் அதனால் இன்று மீன் இல்லை வீட்டில் சத்தம் இல்லை"னு எழுதியிருந்தான். நான் "கிழிந்தான்"ஐ வட்டம் போட்டு, கமா எங்கனு எழுதி, 3 மார்க் குடுத்தேன். அடுத்த தடவ அவன் எங்கயோ இருந்து "மீனவரின் வாழ்க்கை"னு ஒரு கட்டுரைய பிழையில்லாம கொண்டு வந்தான், நான் 8 போட்டு பக்கத்துல ஸ்டாரும் ஒட்டினேன். அந்த வருஷம் முடியற வரைக்கும் அவன் வீட்டு விஷயம் ஒரு வரி கூட என் கைக்கு வரல. அந்த வீட்ல ஏன் சத்தம் இல்லனு நான் கேட்கவே இல்ல தங்கச்சி, இன்னிக்கும் அது உறுத்துது.

"ஆனா அக்கா, மார்க்குனா எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணுமே"னு நீ கேட்ட, நியாயமான கேள்விதான். அமெரிக்கால 1961ல டீடெரிக்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் 300 கட்டுரைய 53 பேர்கிட்ட குடுத்து 1ல இருந்து 9 வரைக்கும் மார்க் போடச் சொன்னாங்க. வாத்தியார், வக்கீல், எழுத்தாளர், பிசினஸ்காரர்னு பல துறை ஆளுங்க. 100க்கு 94 கட்டுரைக்கு குறைஞ்சது ஏழு விதமான மார்க் விழுந்துச்சு. 101 கட்டுரைக்கு 1ல இருந்து 9 வரைக்கும் எல்லா மார்க்கும் கிடைச்சுது. ஏன்னு ஆராய்ஞ்சப்ப ஒருத்தர் கருத்த பார்க்கறார், ஒருத்தர் பிழைய பார்க்கறார், ஒருத்தர் அமைப்ப, ஒருத்தர் சொல்ல, ஒருத்தர் எழுதற ஆளோட தனி வாசனைய பார்க்கறார்னு தெரிஞ்சுது. உன் 4 மார்க்கும் அப்படித்தான், நீ பிழைய மட்டும் பார்த்து போட்ட மார்க் அது, அந்த கட்டுரையோட மொத்த மதிப்பு அது இல்ல. கருத்துக்கு தனியா, மொழிக்கு தனியா போட்டுப்பாரு, அந்த பொண்ணுக்கும் பையனுக்கும் நடுவுல இருக்கற தூரம் எவ்வளவு குறையுதுனு தெரியும்.

பரீட்சைல பிழைக்கு மார்க் குறைப்பாங்கதான், இல்லனு சொல்ல மாட்டேன். எழுத்துப்பிழைய விட்டுடுனும் சொல்லல. ல ள ழ மட்டும் எடுத்து பத்து நாள் வாயால சொல்ல வை, காதால கேட்க வை, அந்த பத்து நாளும் மத்த வட்டம் எதுவும் போடாத. ஒரே பேப்பர்ல 11 வட்டம் பார்த்த பிள்ளைக்கு எதை முதல்ல திருத்தறதுனே தெரியாது, அடுத்த தடவ ஏழு வரி நாலு வரி ஆகும், அவ்வளவுதான் நடக்கும்.

இன்னொண்ணு, பேப்பர திருப்பிக் குடுக்கறப்ப மார்க் எழுதாத, ஒரு வரி மட்டும் எழுது. ரூத் பட்லர்னு ஒரு அம்மா இஸ்ரேல்ல பிள்ளைங்கள வெச்சு பண்ணின ஆராய்ச்சி 1988ல வந்துச்சு, மார்க் இல்லாம எழுத்துல கருத்து மட்டும் வாங்கின பிள்ளைங்க அடுத்த தடவ நல்லா பண்ணினாங்க, மார்க்கும் கருத்தும் சேர்த்து வாங்கினவங்க மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரியேதான் நின்னாங்க. நம்ம கிளாஸ்லயும் பாரேன், பேப்பர் கைக்கு வந்ததும் "கொம்பியே?", அதான் எத்தனைனு, பக்கத்துல கேட்டுட்டு மூடி வெச்சுடறாங்க. நீ ராத்திரி கண்ணு முழிச்சு எழுதினத யாரு படிக்கறா? மார்க்க உன் ரெஜிஸ்டர்ல வெச்சுக்கோ, வீட்ல கேட்டா அப்புறம் சொல்லலாம்.

சனிக்கிழமை அந்த பேப்பர் கட்ட தூக்கிட்டு வீட்டுக்கு வா. செவப்பு பேனா வேண்டாம். பேர் தெரியாத மாதிரி மடிச்சு வெச்சுட்டு ரெண்டு ரெண்டா எடுத்து, இதுல எது நல்லா இருக்குனு மட்டும் ரெண்டு பேரும் தனித்தனியா சொல்லுவோம், 10க்கு எத்தனைனு யோசிக்கறத விட ரெண்ட பக்கத்துல வெச்சு ஒப்பிடறது மனுஷனுக்கு சுலபமா வரும், தர்ஸ்டன்னு ஒரு உளவியல் அறிஞர் 1927லயே இதுக்கு கணக்கு போட்டு வெச்சிருக்கார். நமக்குள்ள எங்க வித்தியாசம் வருதோ அங்க நின்னு பேசலாம், காத்தோ பிமா, அதான் நம்ம மிளகாய் வடை, போட்டு வெக்கறேன்.

அதுக்கு முன்னாடி நாளைக்கு கிளாஸ்ல ஒரு வேலை மட்டும் பண்ணு. அந்த பொண்ணு அழுதப்ப மாமா என்ன சொன்னார்னு கேளு. கிரியோல்லயே சொல்லட்டும், நீ தமிழ்ல சொல்லிக்குடு, எட்டாவது வரிய அவ கையாலயே எழுதட்டும்.

அன்புடன்,
அக்கா